வீட்டுக் கம்பியில்லா வலையும் இல்லத்தார் கடமையும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



சமயப் பணிக்கென அமைந்த ஒரு சங்கத்தின் விழாவிலே, புராணத்தைப் பற்றியோ புண்ணிய தலங்களைப் பற்றியோ பேசாது, வீட்டுச் சுவரோரத்தில் சிறு விளக்குகள் மினுங்க இருக்கும் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. இல்லறத்தானுக்கு நம் முன்னோர் விதித்த கடமைகளுள் தன் வீட்டைக் காத்தலும், வந்த விருந்தினரை ஓம்பலும் அடங்கும். இன்று அவ்விரு கடமைகளும் ரவுட்டர் என்னும் அந்தச் சிறு பெட்டிக்குள்ளேயும் புகுந்துவிட்டன. இதனைப் பெரியோர் அறியாதிருப்பதும், இளைஞர் அலட்சியம் செய்வதும் வீட்டுக்கு நன்மை தருவனவல்ல. ஆகவேதான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

பெட்டியின் தொழில்

வெளியிலிருந்து செப்புக் கம்பி வழியாகவோ, கண்ணாடி இழை வழியாகவோ, தொலைபேசிக் கோபுரத்திலிருந்து காற்று வழியாகவோ நம் வீட்டுக்கு இணையத் தொடர்பு வருகின்றது. அதனை வாங்கி, வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதே ரவுட்டரின் வேலை. கிணற்று நீரைத் துலாவால் இறைத்து வாய்க்கால் வழியே பாத்திகளுக்குப் பிரித்து விடுவது போன்றது அது. ஆனால் இங்கே வாய்க்கால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வைஃபை எனப்படும் வானொலி அலைகளே வாய்க்காலாகின்றன.

இவ்வலைகள் நமக்கு முற்றிலும் புதியவையல்ல. ஜகதீச சந்திர போஸ் என்னும் வங்காள விஞ்ஞானி 1890களின் நடுப்பகுதியிலேயே, கல்கத்தா நகரில், மிகக் குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கி, இடையே சுவர்கள் இருக்கவும் தொலைவிலிருந்த ஒரு மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். நம் ரவுட்டர் வெளியிடும் அலைகளும் அந்தக் குலத்தைச் சேர்ந்தவையே. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழப் பன்னிரண்டரை சென்ரிமீற்றர். 5 கிகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ ஆறு சென்ரிமீற்றர். 1985ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு, இத்தகைய அலைவரிசைகள் சிலவற்றைத் தனி உத்தரவுப் பத்திரமின்றிப் பொதுமக்களின் கருவிகள் பயன்படுத்தலாம் என வழிதிறந்தது. 1997ஆம் ஆண்டில் கம்பியில்லா வலைக்கான முதலாவது பொது நியமம் வெளியாயிற்று. அதன்பின் அது வீடுதோறும் புகுந்த வேகத்தை நீங்களே அறிவீர்கள்.

அன்று போஸ் அவர்களின் அலை சுவரைக் கடந்து மணியடித்தது. இன்று நம் வீட்டு அலையும் அவ்வாறே சுவரைக் கடந்து செல்கின்றது. அதற்குப் படலை எது, வேலி எது, ஒழுங்கை எது? நம் வளவுக்குள்ளேயே நின்றுவிடு என்று அதற்குக் கட்டளையிட எவராலும் இயலாது. அடுத்த வீட்டு அறையிலும், வீதியில் நிற்கும் ஒருவனுடைய சட்டைப் பையிலும் அது சென்று சேர்கின்றது. வேலி கட்ட முடியாத ஒரு வளவுக்குப் பூட்டு ஒன்றுதான் காவல். அப்பூட்டுத்தான் ரவுட்டருக்குள் நாம் செய்யும் அமைப்பு ஒழுங்குகள். இன்றைய என் பேச்சின் சாரம் இதுவே: அந்தப் பூட்டு உறுதியானதாக இருக்கவேண்டும், அதன் திறப்பு வீட்டுக்காரர் கையில் இருக்கவேண்டும்.

இரண்டு திறப்புகள்

பலரும் அறியாத ஓர் உண்மையை முதலிற் கூறுகின்றேன். ரவுட்டருக்குத் திறப்பு ஒன்றல்ல, இரண்டு. வைஃபையில் இணைவதற்குக் கைத்தொலைபேசியில் நாம் இடும் கடவுச்சொல் ஒன்று. அது முன்வாசலின் திறப்பு. ரவுட்டரின் உள்ளே சென்று அதன் அமைப்புகளையே மாற்றுவதற்குரிய கடவுச்சொல் மற்றொன்று. அது வீட்டு உறுதிப் பத்திரங்கள் இருக்கும் பெட்டகத்தின் திறப்பு. முன்வாசல் திறப்பை மாற்றுகின்ற வீட்டார் பலர், பெட்டகத்தின் திறப்பைத் தொடுவதேயில்லை. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லே ஆண்டுக்கணக்காக இருந்துவிடுகின்றது. பழைய ரவுட்டர்கள் பலவற்றில் அது ஒரே சொல். அதனை உலகம் முழுவதும் அறியும்.

இதனால் என்ன கேடு வந்துவிடும் என்று நீங்கள் கேட்கலாம். 2016ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். மிராய் என்னும் தீய நிரல் ஒன்று அவ்வாண்டில் இணையமெங்கும் உலாவிற்று. அது செய்த சூழ்ச்சி மிக எளியது. வீட்டு ரவுட்டர்கள், காவற் கமராக்கள் முதலியவற்றின் கதவைத் தட்டி, தொழிற்சாலையில் இட்ட பெயர்களும் கடவுச்சொற்களுமாக அறுபதுக்குச் சற்று மேற்பட்ட இணைகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. மாற்றப்படாத கடவுச்சொல் இருந்த கருவிகளெல்லாம் அதற்கு அடிமையாயின. அவ்வாறு சேர்ந்த பெரும் படையைக் கொண்டு 2016 ஒக்டோபர் 21ஆம் நாள், அமெரிக்காவில் இணையப் பெயர்களுக்கு முகவரி காட்டும் நிறுவனம் ஒன்றைத் தாக்கினர். பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல, மணிக்கணக்காக மக்களுக்கு எட்டாமற் போயின. தம் வீட்டுப் பெட்டி அப்படையில் ஒரு போர்வீரனாகி நின்றது என்பதை அவற்றின் உரிமையாளர் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

இளைஞர்களே, இந்தக் கதையில் உங்களுக்கென ஒரு பகுதி உண்டு. அந்த நிரலை ஆக்கியவர்கள் இருபது வயதை அண்மித்த மூன்று இளைஞர்கள். அவர்கள் அதனைப் பகிரங்கமாக வெளியிட்டுவிட, அது வேறு பலர் கையிலும் ஆயுதமாயிற்று. 2017 டிசெம்பரில் அம்மூவரும் தம் குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டனர். அறிவு அவர்களிடம் குறைவாக இருக்கவில்லை. அறிவை எதற்குப் பயன்படுத்துவது என்னும் தெளிவே குறைவாக இருந்தது.

அதே 2016ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜேர்மனியில் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வீட்டு ரவுட்டர்கள் செயலிழந்தன. தீய நிரல் ஒன்று, பராமரிப்புக்கென விடப்பட்டிருந்த ஒரு வழியினூடாக அவற்றைத் தாக்கியதே காரணம். இதிலிருந்து நாம் பெறும் பாடம் வேறொன்று. ரவுட்டரை ஆக்கியவர்கள் காலத்துக்குக் காலம் வெளியிடும் திருத்தங்களை நாம் ஏற்றிக்கொள்ள வேண்டும். கூரையில் ஓடு பெயர்ந்தால் மாரி வருமுன் மாற்றுகின்றோம் அல்லவா? அது போன்றதே இதுவும்.

செய்யும் முறை

இனி, வீட்டிலே செய்யவேண்டியதை முறைப்படி கூறுகின்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கினாற் போதும்.

ரவுட்டரின் அடிப்புறத்தில் ஒட்டப்பட்டுள்ள தாளைப் பாருங்கள். 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண் முகவரியும், உள்ளே செல்வதற்கான பெயரும், கடவுச்சொல்லும் அங்கே அச்சிடப்பட்டிருக்கும். கூடுமானால் கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணைத்துக்கொள்ளுங்கள். வைஃபை வழியாகவே சென்று வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றினால், மாற்றிய அக்கணமே நம் தொடர்பும் அறுந்துவிடும். நாம் இருக்கும் கிளையை நாமே வெட்டிய கதையாகும். உலாவியில் அந்த எண் முகவரியை இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். எதையும் மாற்றுமுன் இருப்பதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது படமெடுத்துக்கொள்ளுங்கள். இணையம் வழங்கும் நிறுவனம் இட்ட தொடர்பு விபரங்களைத் தொடாதீர்கள்.

முதலாவதாக, பெட்டகத்தின் திறப்பாகிய நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தொலைவிலிருந்து ரவுட்டரை நிர்வகிக்கும் வசதி திறந்திருந்தால், தேவையில்லாதவிடத்து அதனை மூடிவிடுங்கள். இரண்டாவதாக, வலையின் பெயரை மாற்றுங்கள். குடும்பப் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் அதிலே இடவேண்டாம். அப்பெயர் வீதியிற் போவோர் யாவருக்கும் தெரியும் விளம்பரப் பலகை. எது யாருடைய வலை என்று அந்நியருக்கு நாமே கைகாட்ட வேண்டியதில்லை.

மூன்றாவதாக, வைஃபையின் கடவுச்சொல். இங்கேதான் நம்மவர் பெரிதும் வழுவுகின்றனர். வீட்டுக்காரரின் கைத்தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக இடும் வழக்கம் நம் நாட்டிற் பரவலாக உண்டு. கணக்குப் பார்ப்போம். நம் கைத்தொலைபேசி எண்கள் பத்து இலக்கமுடையன. முதல் இரண்டும் 07 என்பது எவருக்கும் தெரியும். எஞ்சிய எட்டு இலக்கங்களால் அமையக்கூடிய எண்கள் பத்துக் கோடி. பெருந்தொகைதான். ஆனால், நம் வலையில் ஒரு கருவி இணையும் கணத்தில் நிகழும் உரையாடலை வீதியில் நின்று பதிவு செய்துகொண்ட ஒருவன், பின்னர் தன் வீட்டிலிருந்தே அதனுடன் ஒப்பிட்டு ஊகங்களைச் சோதிக்க முடியும். ஆற்றல் மிக்க கணினியொன்று செக்கனுக்கு ஐந்து இலட்சம் ஊகங்களைச் சோதிக்கின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துக் கோடியையும் சோதித்து முடிக்க இருநூறு செக்கன்கள் போதும். அடுப்பில் வைத்த தேநீர்த் தண்ணீர் கொதிக்குமுன் பூட்டுத் திறந்துவிடும்!

குலதெய்வத்தின் திருநாமத்தோடு 123 என்று சேர்த்து இடுவோரும் உளர். பக்தி மெச்சத்தக்கதே. ஆயினும் ஊரறிந்த தெய்வத்தின் பெயர் ஊரறிந்த திறப்பாகிவிடும். வேறு என் செய்வது? தொடர்பில்லாத சாதாரணச் சொற்களைக் கோத்து ஒரு நீண்ட தொடர் ஆக்குங்கள். இரண்டாயிரம் சொற்களுள்ள ஒரு பட்டியலிலிருந்து, கண்ணை மூடித் தொட்டது போல், நான்கு சொற்களை எடுத்தால் அமையக்கூடிய தொடர்கள் பதினாறு இலட்சம் கோடி. முன்கூறிய கணினிக்கு அவை முழுவதையும் சோதிக்க ஓராண்டு வேண்டும். ஐந்தாவது சொல் ஒன்றைச் சேர்த்துவிட்டால் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் வேண்டும். ஒரு சொல்லின் வலிமையைப் பாருங்கள்! உரலும், தபாலும், கொய்யாவும், சனிக்கிழமையும், பித்தளையும் சேர்ந்த ஒரு தொடரைப் பாட்டியும் நினைவில் வைத்துக்கொள்வார், கணினியோ திணறிவிடும். ஆனால் நான் கூறிய இத்தொடரையே எடுத்து இட்டுவிடாதீர்கள். இம்மலர் பலர் கைக்குச் செல்லும்.

நான்காவதாக, பூட்டின் வகை. அமைப்புப் பக்கத்தில் பாதுகாப்பு முறை என்னும் இடத்திற் சில பெயர்கள் காணப்படும். டபிள்யூ.ஈ.பி. என்பது மிகப் பழையது. 2001ஆம் ஆண்டிலேயே அதன் அடிப்படைக் குறை வெளியாகிவிட்டது. 2007ஆம் ஆண்டில் அதனை ஒரு நிமிடத்துக்குள் உடைத்துக் காட்டினர். அது துருப்பிடித்த பூட்டு. அதனைத் தெரிவு செய்யவேண்டாம். 2004ஆம் ஆண்டில் வந்த டபிள்யூ.பி.ஏ.2, அதிலும் ஏ.ஈ.எஸ். என்னும் மறைகுறி முறையோடு கூடியது, இன்றும் ஏற்கத்தக்கது. 2018ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 அதனினும் மேலானது. பதிவு செய்துகொண்டு வீட்டிலிருந்து ஊகிக்கும் சூழ்ச்சியை அது பெரிதும் தடுக்கின்றது. உங்கள் ரவுட்டரும் கருவிகளும் இடங்கொடுத்தால் அதனையே தெரிவு செய்யுங்கள்.

ஐந்தாவதாக, டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியை மூடிவிடுங்கள். எட்டு இலக்க எண்ணொன்றால் இலகுவில் இணைவதற்கென வந்த வசதி அது. எட்டு இலக்கம் என்றாலும், ரவுட்டர் அதனை இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதால், பதினோராயிரம் முயற்சிகளிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிப்பட்டது. வாசற்கதவுக்கு வலிய பூட்டிட்டு, கொல்லைப்புறக் கதவைக் கயிற்றாற் கட்டிவைத்தது போன்றது அது.

வலையின் பெயரை மறைத்துவிட்டாற் காவல் ஆகிவிடாதா என்று சிலர் வினவுவர். ஆகாது. நம் கருவிகள் அதனோடு பேசும்போது அப்பெயர் காற்றிலே வெளிப்பட்டே தீரும். குறிப்பிட்ட கருவிகளை மட்டும் அனுமதிக்கும் பட்டியலும் அவ்வாறே. கருவியின் அடையாள எண்ணைப் போலியாகப் பூண்டுகொள்ளல் எளிது. இவை படலையில் தொங்கும் திரைச்சீலைகள். கதவாக மாட்டா.

விருந்தினருக்கு விறாந்தை

இத்துணைப் பூட்டுகளைப் பற்றிக் கேட்டதும், நம் விருந்தோம்பற் பண்பு என்னாவது என்று தாய்மார்கள் எண்ணக்கூடும். நியாயமான எண்ணம். வந்தவர் முதலில் தண்ணீர் கேட்ட காலம் போய், வைஃபை கடவுச்சொல்லைக் கேட்கும் காலம் வந்துவிட்டது. இல்லையென்று சொல்ல நமக்கு நா எழாது. இதற்கும் வழி உண்டு. இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர் வலை என்னும் தனி அமைப்பு இருக்கின்றது. நம் பழைய வீடுகளில் வந்தவரை விறாந்தையிலே பாயிட்டு இருத்தி உபசரித்தோம். அவர் எவ்வளவு அன்புக்குரியவராயினும் உள்ளறைப் பெட்டகத்தருகே கொண்டுசென்று இருத்தினோமில்லை. விருந்தினர் வலை அந்த விறாந்தை. வந்தவர் இணையத்தைப் பயன்படுத்தலாம். நம் கணினிகளையும் அச்சுப்பொறியையும் அணுக இயலாது. அதற்கு வேறொரு கடவுச்சொல் வைத்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ளலாம்.

2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, இணைய அலை கிடைக்கும் இடம் தேடி நம் நாட்டுப் பிள்ளைகள் குன்றுகளிலும் மரங்களிலும் ஏறி இருந்து படித்ததை மறந்துவிட்டோமா? அடுத்த வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படிக்க நம் விருந்தினர் வலையைத் திறந்துவிடுவது அன்னதானத்துக்கு ஒப்பான அறம். ஆனால் அறிந்து கொடுப்பது தானம். அறியாது இழப்பது நட்டம். பூட்டில்லாத வலையிலே, முகமறியாத ஒருவன் நம் மாதப் பங்காகிய டேட்டாவைப் பத்து நாளிற் தின்றுவிட்டால், இருபது நாளுக்கு நம் வீட்டுப் பிள்ளையே பாடமின்றி இருக்க நேரும். அவன் நம் தொடர்பினூடாகக் குற்றமொன்று புரிந்தால், விசாரணை முதலில் வருவது நம் வாசலுக்கே.

அலை வீட்டுக்குள் நன்கு பரவ

காவலைப் பற்றிக் கூறினேன். பயனைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். உள்ளறையில் வைஃபை எடுபடவில்லை என்பது வழக்கமான குறை. நிறுவனத்தாரின் கம்பி நுழையும் மூலையிலேயே பெட்டியை விட்டுவிடுகின்றோம். அங்கிருந்து அலையின் பாதி வீதிக்குப் போகின்றது. கூடுமானவரை வீட்டின் நடுப்பாகத்தில், மனிதர் தோளுயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் வையுங்கள். பழைய வீடுகளின் தடித்த கற்சுவர்கள் அலையை வெகுவாக உறிஞ்சும். தகரமும், இரும்பு அலுமாரியும், நிலைக்கண்ணாடியும் அதனைத் திருப்பிவிடும். நீர்த்தொட்டியும் பகையே.

2.4 கிகாஹேர்ட்ஸ் அலை சுவரைக் கடந்து தூரம் செல்லும். ஆயின் நெரிசல் மிக்கது. நுண்ணலை அடுப்பும் அதே வரிசையிலேதான் இயங்குகின்றது. 5 கிகாஹேர்ட்ஸ் வேகமானது. ஆயின் சுவரைக் கண்டாற் சோர்ந்துவிடும். படிப்பு மேசை ரவுட்டருக்கு அண்மையிலிருந்தால் இரண்டாவதையும், தூர அறைக்கு முதலாவதையும் பயன்படுத்துக. 2.4இல் பெரும்பாலான நாடுகளிற் பதின்மூன்று அலைத்தடங்கள் உண்டு. அவை ஐந்து ஐந்து மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. ஒரு வலைக்கு வேண்டிய அகலமோ ஏறத்தாழ இருபது மெகாஹேர்ட்ஸ். ஆகவே ஒன்றோடொன்று மோதாதவையாகப் பொதுவாகக் கொள்ளப்படுவன 1, 6, 11 ஆகிய மூன்று. அயல்வீட்டார் எதனைப் பயன்படுத்துகின்றார் என்று பார்த்து, மற்றொன்றைத் தெரிவு செய்யுங்கள். 3, 4 என்று இடையில் நுழைந்தால் இருபுறத்தாருக்கும் இடையூறு. அயலாரோடு கலந்து பேசித் தடங்களைப் பங்கிட்டுக்கொண்டால் எல்லோருக்கும் நன்று. தண்ணீர் முறை வைத்துத் தோட்டம் செய்த சமூகத்துக்கு இது புதிதன்று. இவ்வளவுக்குப் பின்னும் வேகம் இல்லையெனில், கணினியைக் கம்பியால் இணைத்துப் பாருங்கள். கம்பியிலும் வேகம் இல்லையாயின் குறை வைஃபையில் இல்லை. வெளித்தொடர்பிலே என்று அறிந்துகொள்ளலாம்.

இளைஞருக்கும் பெரியோருக்கும்

முடிவாக இரு சாராருக்கும் இரண்டு வார்த்தை. இளைஞர்களே, இந்த வேலை உங்கள் கைக்கு எளியது. பிள்ளைகள் கடல்கடந்து வாழ, இங்கே தனித்திருக்கும் முதியோர் பலர் உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கின்றனர். அவர்களுக்கு அந்தப் பெட்டிதான் பேரப்பிள்ளைகளின் முகம் தெரியும் சாளரம். அவர்கள் வீட்டுக்குச் சென்று இவ்வமைப்புகளைச் செய்து கொடுங்கள். கோயில் வீதியைக் கூட்டும் தொண்டுக்கு இது குறைந்ததன்று. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். நிர்வாகக் கடவுச்சொல்லை இடும்போது அந்த முதியவரையே இடச்செய்து, நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அவர் அதைத் தம் கையாலேயே கொப்பியில் எழுதி அலுமாரியில் வைக்கட்டும். உதவி செய்தவன் திறப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டு போவது உதவியன்று. விளையாட்டுக்காகவும் பிறர் வலையை உடைக்க முனையாதீர்கள். அனுமதியின்றிக் கணினியுள் நுழைதல் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி நம் நாட்டிற் குற்றமாகும். சட்டம் இல்லாவிடினும், பிறர் வேலியைப் பிரிப்பது நமக்கு அழகல்ல.

பெரியோர்களே, இது பிள்ளைகள் சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். காணியின் எல்லையையும், கிணற்றின் ஆழத்தையும், நகைப்பெட்டியின் திறப்பு இருக்கும் இடத்தையும் அறிந்த நீங்கள், இந்தப் பெட்டியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கின்றது என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தெரியாததைப் பேரப்பிள்ளையிடம் கேட்டறிவதில் இழுக்கு ஒன்றுமில்லை. தந்தைக்கே மகன் உபதேசம் செய்த சுவாமிமலைத் தலத்தைப் போற்றும் சமயம் நம்முடையது.

இன்று வீடு திரும்பியதும் ரவுட்டரின் அடியைத் திருப்பிப் பாருங்கள். அங்கே அச்சிட்டிருக்கும் சொற்களே இன்னும் நடைமுறையில் இருக்குமாயின், வரும் ஞாயிறு காலையை அதற்கென ஒதுக்குங்கள்.